அக்கா சொன்ன ‘ஆச்சு’

எங்கள் ஊரில் யாரையாவது போனில் கூப்பிட்டு “எங்கன இருக்கீரு?” என்று கேட்டால் பதில் ஒன்றுதான். “வந்துட்டேன் வே, வண்ணாரப்பேட்டை தாண்டிட்டேன்.” பின்னால் குக்கர் விசில் அடிக்கும். வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் யார் குக்கர் வைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. நாமும் பாயில் படுத்துக்கொண்டுதான் கேட்கிறோம். திருநெல்வேலியில் இதைப் பொய்க் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, காத்திருப்பவருக்குச் செய்யும் ஒரு மரியாதை அது.

எங்கள் ஆபீஸ் அக்காவுக்கு இந்த மரியாதை வராது. “எங்கன இருக்கீங்கக்கா?” என்று கேட்டால், “வீட்லதான். தலை இன்னும் காயல” என்பாள். அம்பாசமுத்திரத்தில் இருந்து கங்கைகொண்டான் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவள். பத்து மணி மீட்டிங்குக்கு ஒன்பதரைக்கு இப்படி ஒரு பதிலைக் கேட்கும் மேனேஜர், “ஒரு பேச்சுக்காவது கெளம்பிட்டேன்னு சொல்லப்படாதா?” என்று என்னிடம் புலம்புவார். நான் அவளுடைய உதவியாளும் இல்லை, சொந்தமும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரன், ஐந்து வயது இளையவன். அவள் வாயில் இருந்து ‘ஆச்சு’ என்ற சொல் வருவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லைக் கெடுத்தவனும் நான்தான்.

எங்கள் கம்பெனி சின்னது. தனியார் பஸ்காரர்கள் சிலருக்கு சீட்டு முன்பதிவு செய்யும் மென்பொருளை நடத்திக் கொடுத்தோம். பஸ் அவர்களுடையது, கம்ப்யூட்டர் எங்கேயோ கடல் தாண்டிக் கிளவுடில் இருப்பது, எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஏசியும் வாட்டர் கேனும்தான். கிளவுடில் எந்த மெஷினை வாடகைக்கு எடுப்பது, அதற்கு எத்தனை டிஸ்க், எவ்வளவு வேகத்தில் என்பதையெல்லாம் அமைப்பது அக்காவின் வேலை.

ஆபீஸ் டீக்கடையில் “டீ போட்டாச்சா?” என்று கேட்டால் கடைக்காரர் “போட்டாச்சு, போட்டாச்சு” என்பார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். அக்கா எழுந்துபோய் அடுப்பை எட்டிப் பார்ப்பாள். “பாலே இன்னும் ஊத்தல. போட்டாச்சுன்னு எதுக்குச் சொல்லுதீய?” கடைக்காரருக்கு முகம் செத்துவிடும். வாரம் ஒரு தடவையாவது இது நடக்கும். கடைசியில் அந்த மனிதர் அக்காவைக் கண்டாலே, “பால் இப்பதாம்மா கொதிக்குது, ரெண்டு நிமிசம் ஆவும்” என்று தானாகவே வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கினார்.

கல்யாணத்துக்கும் இதே கதைதான். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டில், “பையனுக்கு வேலை நிரந்தரம் ஆயிட்டு” என்றார்களாம். “ஆர்டர் காட்டுங்க” என்று இவளே கேட்டிருக்கிறாள், பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. ஆர்டரும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. அடுத்து வந்தவர் அரிசி ஆலையில் எலெக்ட்ரீஷியன். “சிகரெட்டை விட்டாச்சா?” என்று கேட்டிருக்கிறாள். “இன்னும் விடல. விடப் பாக்குதேன்” என்றிருக்கிறார். “அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்” என்று எங்களிடம் சொல்லும்போது அக்காவுக்கு முகம் கொஞ்சம் சிவக்கும். விட்டுவிட்டாரா என்று கேட்டேன். “இன்னும் இல்ல” என்றாள், பெருமையாக.

ஆபீசில் யார் எதை முடித்ததாகச் சொன்னாலும் அக்கா போய்ப் பார்ப்பாள். விதிவிலக்கு நான் ஒருவன் மட்டும். சேர்ந்த புதிதில் ஒரு மதியம், “அந்த பேக்கப் ஓடிச்சா?” என்று கேட்டாள். தயிர்சாதம் சாப்பிட்ட மயக்கத்தில் பொய் சொல்லக்கூட மூளை ஓடாமல், “இல்லக்கா, மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்றிலிருந்து, “இவன் ஆச்சுன்னு சொன்னா பாக்க வேண்டாம்” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தயிர்சாதத்துக்குக் கிடைத்த பட்டம் அது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் முன்பதிவு ஓடியது மெமரியில் இருக்கிற டேட்டாபேசில். எந்த பஸ்சில் எந்த சீட்டு காலி என்கிற சங்கதி முழுவதும் மெஷினின் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பண்டிகைக் கூட்டத்திலும் தட்டியவுடன் சீட்டு கிடைத்தது. மேனேஜர் இதைப் புரிந்துகொண்ட அன்றே அக்காவிடம் வந்தார்.

“எல்லாம் மெமரியிலதானம்மா இருக்கு, பெறவு டிஸ்குக்கு எதுக்கு இம்புட்டு கேக்கே? இருக்கதுல சின்னதா ரெண்டு போட்டா போதாதா?”

“மெஷின் விழுந்துட்டா மெமரி சுத்தமா தொடைச்சிப் போயிரும் சார். பெறவு எங்க இருந்து எடுப்பீய?”

அவள் இரண்டு வகை டிஸ்க் கேட்டாள். ஒன்று, மெமரியில் இருப்பதை அவ்வப்போது முழுசாக இறக்கி வைக்க. மெஷின் விழுந்து எழுந்தால் இதிலிருந்துதான் எல்லாவற்றையும் மறுபடி மெமரிக்கு ஏற்ற வேண்டும். ஒரே டிஸ்க்கில் இருந்து ஏற்றினால் அரைமணி ஆகும் என்று நான்கு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டிப் போட்டாள். நான்கு வாசலிலும் ஒரே நேரத்தில் சாமான் ஏறும். இன்னொன்று லாக் டிஸ்க், நடந்ததை வரி வரியாகக் குறித்து வைக்கும் நோட்டு மாதிரி. இது சின்னது, ஆனால் படுவேகமாக எழுத வேண்டியது. ஒருவர் சீட்டு போட்டதும் முதலில் இதில் ஒரு வரி எழுதப்படும். எழுதி முடித்த பிறகுதான் அவர் போனுக்கு ‘உங்கள் இருக்கை உறுதி’ என்று செய்தி போகும். எழுதாமல் போகவே போகாது. டேட்டாபேசில் அக்காவுக்குப் பிடித்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அவளைப் போலவே ஒரு ஜென்மத்தை அதற்குள் யாரோ உட்கார வைத்திருந்தார்கள்.

மேனேஜர் நான்கு டிஸ்க்குக்குத் தலையாட்டினார், லாக் டிஸ்க்கில் கை வைத்துவிட்டார். எத்தனை ஜிபி என்று மட்டுமே பார்த்து, சின்னதுதானே என்று மந்தமான ஒன்றை வாங்கச் செய்தார். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு கூட்டத்தைப் போலியாக ஏற்றிச் சோதித்தோம். சீட்டு உறுதியாக ஒன்பது வினாடி. மெமரி தயாராக நிற்கிறது, லாக் டிஸ்க் எழுதி முடிக்கக் காத்திருக்கிறது. பஸ்காரர்களில் பெரியவர் ஒரு அண்ணாச்சி. “என்ன வே, ஒன்பது செகண்டுல பயணி அடுத்த கம்பெனிக்குப் போயிருவான்” என்று மேனேஜரைப் பிடித்துக் காய்ச்சினார்.

அப்போதுதான் நான் அறிவாளி ஆனேன். கிளவுடில் டிஸ்க்கை மாட்டும்போது ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால், எழுத வேண்டியதை மெஷின் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொள்ளும். ‘எழுதிட்டேன்’ என்று உடனே பதில் சொல்லிவிட்டு, டிஸ்க்கில் பைய இறக்கும். போட்டேன். ஒன்பது வினாடி அரை வினாடி ஆனது. மேனேஜர் என் தோளைத் தட்டினார். ஆபீஸ் முழுவதற்கும் அல்வா வந்தது.

அக்கா மட்டும் அல்வாவைத் தொடவில்லை. என் திரையைப் பார்த்தாள்.

“என்ன செஞ்சே?”

சொன்னேன்.

“அப்போ எழுதாமலேயே எழுதிட்டேன்னு சொல்லுது.”

“எழுதிரும்க்கா. கொஞ்சம் பொறவு எழுதும்.”

“நடுவுல மெஷின் விழுந்தா?”

“விழாதுக்கா.”

“விழாதுன்னா நமக்கு டிஸ்கே வேண்டாமே. எல்லாத்தையும் மெமரியிலேயே வச்சுக்கிடலாமே.”

நான் அல்வாவை மென்றேன். அவள் மேனேஜரோடு நான்கு நாள் சண்டை போட்டு, வேகமான லாக் டிஸ்க் ஒன்றை வாங்கினாள். பழையதில் இருந்ததைப் புதியதற்கு மாற்றினாள். நான் கண்டுபிடித்த செட்டிங்கும் புதிய டிஸ்க்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை எடுக்க டிஸ்க்கைக் கழற்றி மாட்ட வேண்டும், பத்து நிமிடம் முன்பதிவை நிறுத்த வேண்டும். போகி அன்று மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் குறையும், அப்போது செய்வது என்று முடிவானது. அன்று அக்கா வீட்டில் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது.

“நீ எடுத்துருவியா?” என்று வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

“நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்.”

மூன்று மணிக்கு நான் தச்சநல்லூரில் இருந்தேன். பைக்கில் ஒரு கட்டுக் கரும்பு, ஹேண்டில்பாரில் மஞ்சள் குலை. வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து செய்துவிடலாம் என்ற எண்ணம். சத்தியமாக அந்த எண்ணம் இருந்தது. மூன்றரைக்கு ஹெல்மெட்டுக்குள் போன் அடித்தது.

“ஆச்சா?”

“ஆச்சுக்கா.”

அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. வண்ணாரப்பேட்டை தாண்டிவிட்டேன் என்று சொல்வது போலத்தான் சொன்னேன். பத்து நிமிடத்தில் உண்மையாகிவிடப் போகிற சங்கதி, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் என்ன? வீட்டுக்குப் போனால் மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். பிறகு கோலமாவு தீர்ந்துவிட்டது. பிறகு பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல்.

அக்கா பார்க்கவில்லை. நான் சொன்னேனே. அன்று சாயங்காலமே பஸ்கார அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி மெயில் போட்டாள்: ‘லாக் டிஸ்க் மாற்றம் ஆச்சு.’ அண்ணாச்சி ஊரெல்லாம் சொன்னாராம், “அந்தப் பிள்ளை ஆச்சுன்னுட்டா. இனி கவலை இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திருநெல்வேலியே சென்னைக்குத் திரும்புகிற நாள். அன்று மாலை கிளம்பும் சிறப்பு பஸ்களுக்குக் காலை பத்து மணிக்கு முன்பதிவைத் திறந்தோம். மேனேஜர், அக்கா, நான், நடுவில் ஒரு தட்டு உளுந்தவடை. சீட்டுகள் மழையாகப் போய்க்கொண்டிருந்தன. இருபது நிமிடத்தில் திரை அப்படியே நின்றது. கிளவுடில் எங்கள் மெஷின் உட்கார்ந்திருந்த பெட்டி செத்துவிட்டது, வேறு பெட்டியில் எழுப்புகிறோம் என்று அறிவிப்பு வந்தது. நான்கு டிஸ்க்கில் இருந்தும் சாமான் ஏறியது. எட்டே நிமிடத்தில் எழுந்துவிட்டது. மேனேஜர் கை தட்டினார். “எந்திரிச்சிட்டு பாத்தியா? இதுக்குத்தானம்மா உனக்கு நாலு டிஸ்கு.”

அக்கா கை தட்டவில்லை. எத்தனை பேருக்கு ‘உறுதி’ செய்தி போயிருக்கிறது, டிஸ்க்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொரு பேர் குறைந்தார்கள். அவர்கள் போனில் சீட்டு இருக்கிறது, எங்களிடம் இல்லை. அந்த சீட்டுகளை அதற்குள் வேறு ஆட்கள் எடுத்தும் விட்டார்கள்.

அக்கா டிஸ்க்கின் செட்டிங்கைத் திறந்தாள். நான் போட்டது போட்டபடி இருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அந்த முப்பத்தொரு பேரின் நம்பர்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள். பாதியை நான் எடுத்துக்கொண்டேன். திட்டு வாங்கி, கெஞ்சி, வேறு பஸ், வேறு நாள் என்று மாலைக்குள் இருபத்தாறு பேருக்கு வழி செய்துவிட்டோம். ஐந்து பேர் போனையே எடுக்கவில்லை.

ஐந்து பேரும் ஆறு மணிக்கு வண்ணாரப்பேட்டை பைபாசில் பெட்டியோடு வந்து நின்றார்கள். நாங்களும் போயிருந்தோம். நாலு பேரைச் சமாளித்து அடுத்த பஸ்களில் திணித்துவிட்டோம். கடைசியாக நின்றது ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து வந்த ஒரு பெண். பக்கத்தில் அவள் அம்மா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மறுநாள் காலை ஒன்பதுக்குச் சென்னையில் தன் முதல் வேலையில் அவள் சேர வேண்டும். அவள் சீட்டில் வேறு ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் சண்டை போடவில்லை. போனை அக்காவிடம் நீட்டினாள்.

“இதுல உறுதின்னுதானக்கா போட்டிருக்கு?”

அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்கார அண்ணாச்சி அதற்குள் வந்துவிட்டார். பத்து பேர் நடுவில் வைத்துக் கேட்டார்.

“நீ ஆச்சுன்னு எழுதினியேம்மா. உன் வார்த்தையை நம்பித்தானே நான் இருந்தேன்?”

நான் ஒரு எட்டு முன்னால் வைத்திருக்கலாம். ஒரே ஒரு வரி. ‘அண்ணாச்சி, நான்தான் செய்யாம செஞ்சேன்னு சொல்லிட்டேன்.’ வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம், எல்லோருக்கும் முன்னால் வெட்கம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய நேரம் முழுவதையும் எனக்குக் கொடுத்தாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

“பாக்காம எழுதிட்டேன் அண்ணாச்சி. தப்பு எம்மேலதான்.”

அவளைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை.

அந்த வழியே வந்த மதுரை அரசு பஸ்சைக் கை காட்டி நிறுத்தி, அந்தப் பெண்ணை நின்றபடியே அனுப்பி வைத்தாள். அங்கே மாறிப் போகச் சொல்லி, நம்பரையும் வாங்கிக்கொண்டாள். அந்த அம்மா வாழைப்பழத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் மதியம் அக்காவாகவே சொன்னாள். “பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேந்தாளாம். நாளைக்கு வாங்கன்னு வாசல்லயே திருப்பிட்டாங்களாம்.” யாரைக் குறித்தும் இல்லாமல், வெறும் தகவலாகச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் மேனேஜர் புது விதி போட்டார். இனி அக்கா ஒரு வேலை முடிந்ததாகச் சொன்னால், இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மெயில் போக வேண்டும். அந்த இன்னொருவர் நான். பூனையைப் பால்சட்டிக்குக் காவல் வைத்தது போல ஆனது. அக்கா முதல் வேலையை முடித்துவிட்டு, “ஆச்சு. பாத்துச் சொல்லு தம்பி” என்று எழுந்து வழி விட்டாள். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “சரி விடு. பஸ்காரங்களுக்கு ரிப்போர்ட்டெல்லாம் அனுப்பியாச்சு. இப்ப போயி கிளறாதே” என்றார். அவர் சொன்ன அந்த ‘ஆச்சு’ உண்மையிலேயே ஆகியிருந்தது.

அக்காவிடம் வந்து சொன்னேன். “அக்கா, அன்னைக்கு நான் எடுக்கவே இல்ல.”

“தெரியும். வடையோட உக்காந்திருந்தியே, அப்பவே பாத்துட்டேன்.”

“ஏன்க்கா சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்.” நாற்காலியை என் பக்கம் திருப்பி, “இப்பவாவது சொன்னியே” என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ‘ஆச்சுக்கா’ என்றால், சத்தமில்லாமல் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் திரையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு “சரி” என்பாள். டீக்கடைக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. எனக்கு அது வலித்தது. இன்னும் வலிக்கிறது.

அக்கா ஆறு மாதத்தில் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். வருஷம் பல ஓடிவிட்டன. நான் இன்னும் அதே கங்கைகொண்டானில்தான் இருக்கிறேன். லாக் டிஸ்க்கை மாட்டும்போது அந்தச் செட்டிங்கை மூன்று தடவை பார்க்கிறேன். சேருகிற ஆட்களுக்கெல்லாம் அக்காவின் கதையைச் சொல்கிறேன், என் பங்கை மட்டும் கொஞ்சம் குறைத்து.

போன மாதம் அவள் கூப்பிட்டாள். அம்பாசமுத்திரத்துக்கு லீவில் வந்திருப்பதாகவும், காலை பத்து மணிக்கு ஜங்ஷனில் சந்திக்கலாமா என்றும் கேட்டாள். சந்திக்க வேண்டிய அன்று ஒன்பதரைக்கு மறுபடி போன் வந்தது. நான் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்றிருந்தேன்.

“எங்கன இருக்கே?”

வண்ணாரப்பேட்டை நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

“வீட்லதான்க்கா. இன்னும் குளிக்கக்கூட இல்ல.”

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போட்டோ அனுப்பு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

துண்டு, நிரம்பாத வாளி, சீப்புப் படாத தலை எல்லாம் தெரியும்படி ஒன்று எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடம் கழித்து பதில் வந்தது.

‘பாத்தாச்சு. பைய வா.’